மழைக்கு முன்னே குழந்தைக்கு ஒரு மருந்துப் பை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறு சிந்தனையே கிடையாது. முடிச்சூர், பெருங்களத்தூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் அரிசி மூட்டை பரணுக்கு ஏறிக்கொண்டிருக்கும். பீரோவின் கீழ்த்தட்டுப் புடவைகள் மேல்தட்டுக்குப் போகும். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பிஸ்கட் எல்லாம் வாங்கியாகிவிடும். வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகிவிடும். "குழந்தையோட மருந்தெல்லாம் எங்கே வெச்சிருக்கே?" என்று கேட்டால் மட்டும், "ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும் அக்கா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

வெள்ளம் என்றதும் தண்ணீரில் மூழ்குகிற அபாயம்தான் நம் கண் முன்னே வருகிறது. அது உண்மைதான். ஆனால் மாடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் அபாயம் உண்டு. மூன்று நாலு நாள் கரண்ட் இருக்காது. டாக்டர் வர முடியாது. மருந்துக்கடை திறக்காது. பால் வராது. போன் வேலை செய்யாது. பெரியவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவோம். கைக்குழந்தைக்கும், தினமும் மருந்து சாப்பிடுகிற குழந்தைக்கும் அந்த நாலு நாள் ரொம்பப் பெரிய நாட்கள். அந்த நாலு நாளைக்கான வைத்தியத்தை நாம் முன்கூட்டியே பையில் கட்டி வைக்க முடியும். அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச வந்திருக்கிறேன்.

2015 சொன்ன பாடம்

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அதற்கு முன் நவம்பரிலேயே ஒரு தடவை முடிச்சூர் மூழ்கி எழுந்திருந்தது. ஏரிகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் கொட்டிய மழைக்குப் போக்கிடம் இல்லை. விமான நிலையத்திலேயே தண்ணீர் புகுந்து, 6-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தது. தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. மணப்பாக்கத்தில் ஆற்றோரம் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குள்ளேயே வெள்ளம் புகுந்து, நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டி வந்தது. மருத்துவமனைக்கே அந்தக் கதி என்றால் நம் தெருமுனை கிளினிக்கை என்ன சொல்ல?

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். மழை வலுத்தால் "செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்களா?" என்று டிவி முன்னால் உட்கார்ந்துகொள்கிறோம். அந்தத் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தாலே நமக்கு வெள்ளம்தான். ஆகவே அந்தச் செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. மரங்கள் விழுந்து பல நாள் கரண்ட் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் என்று எங்கும் தண்ணீர். பால் பாக்கெட்டுக்கு ஜனங்கள் அலைந்ததைப் பார்த்தோம். எப்போதோ ஒரு தடவை வருவது என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்கள் தெருவில் நடந்தது

2015-இல் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எதிர்வீட்டு அக்காவின் மகள், தன் மூன்று வயதுப் பையனோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பையனுக்கு வலிப்பு உண்டு. காலையும் இரவும் தவறாமல் சிரப் கொடுக்க வேண்டும். ராத்திரி தண்ணீர் தரைத்தளத்துக்குள் வந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஓடி வந்தார்கள். மருந்து பாட்டிலும் டாக்டர் சீட்டும் கீழேயே நின்றுவிட்டன. விடிந்து பார்த்தால் ஃபிரிட்ஜே மிதந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ரிடையரான நர்ஸ் அம்மா ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர்'தான். விஷயம் தெரிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மொட்டை மாடியில் நின்று மாடி மாடியாகக் கூப்பிட்டு விசாரித்தோம். மூன்றாவது வீட்டுத் தாத்தாவிடம் வலிப்பு மாத்திரை இருந்தது. "பாதியா உடைச்சுக் கொடுத்துடலாமா சிஸ்டர்?" என்று பையனின் பாட்டி கேட்டார்.

"வேண்டாம்மா. பெரியவங்க மாத்திரை வேற, குழந்தை மருந்து வேற. இவன் சாப்பிடற மருந்தோட பேரு தெரியுமா? எத்தனை மில்லி? எடை எவ்வளவு?" என்று சிஸ்டர் கேட்டார். பையனின் அம்மாவுக்கு "ரோஸ் கலர் மருந்து, அரை மூடி" என்றுதான் சொல்லத் தெரிந்தது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம்மில் பாதிப் பேருக்கு மருந்து கலராலும் மூடியாலும்தான் தெரியும். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கலாமென்றால் ஒரு போனிலும் சிக்னல் இல்லை.

இரண்டாம் நாள் ராத்திரி பையனுக்கு வலிப்பு வந்தது. ஒரே ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம். பாட்டி அலறிக்கொண்டு கையில் கொடுக்க இரும்புச் சாவியைத் தேடினார். சிஸ்டர் அவரை உட்கார வைத்துவிட்டு, பையனை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயில் எதையும் வைக்க விடவில்லை. என்னிடம், "கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இரும்மா" என்றார். மூன்று நிமிஷம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான மூன்று நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் மதியம் படகு வந்ததும் பையனும் அம்மாவும் முதலில் ஏறினார்கள். மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்துக்கொண்டான். இன்று பெரிய பையனாகி ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

ஒரு வாரத்து மருந்தும் ஒரு துண்டுச் சீட்டும் அவர்கள் கையில் இருந்திருந்தால் அந்த ராத்திரியே வந்திருக்காது என்று சிஸ்டர் பிறகு சொன்னார். இந்தப் பை யோசனையே அவர் கொடுத்ததுதான்.

சீட்டுதான் முதல்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். பெயர், பிறந்த தேதி, எடை, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தினமும் சாப்பிடுகிற மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, டாக்டரின் பெயர், போன் நம்பர் - இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எடையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள். குழந்தைக்கு எந்த டாக்டரும் எடை பார்த்துத்தான் மருந்து எழுதுவார். இதோடு தடுப்பூசி அட்டையின் நகலையும் டாக்டர் சீட்டின் நகலையும் வைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடுங்கள். போனில் போட்டோ இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். சார்ஜ் போனால் போட்டோவும் போச்சு!

வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால், குழந்தையின் பெயரும் உங்கள் நம்பரும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் நம்பரும் எழுதிய சிறு சீட்டை, சட்டையின் உள்பக்கம் ஊக்கால் குத்திவிடுங்கள். முகாம் கூட்டத்தில் குழந்தை கை நழுவுவது ஒரு நிமிஷ வேலை.

பையில் என்னென்ன?

தோளில் மாட்டுகிற பழைய ஸ்கூல் பை போதும். உள்ளே கனமான பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொள்ளுங்கள்.

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து
* குழந்தைக்கு டாக்டர் சொன்ன ஜுர மருந்து, அதோடு வந்த அளவு மூடி அல்லது சிரிஞ்சு
* தெர்மாமீட்டர், பஞ்சு, காஸ் துணி, பேண்டேஜ், புண்ணுக்கான களிம்பு, சின்னக் கத்தரிக்கோல்
* தண்ணீரைச் சுத்தம் செய்கிற குளோரின் மாத்திரை
* தினமும் சாப்பிடுகிற மருந்து ஏதாவது இருந்தால், குறைந்தது ஒரு வாரத்துக்கு உபரியாக
* பாலாடை, டம்ளர், ஸ்பூன்
* பழைய வேட்டித் துணி, இரண்டு செட் உடை, சோப்பு, நாப்கின்
* டார்ச் லைட், உபரி பேட்டரி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க்
* சின்னக் கொசுவலை

ஜுர மருந்தில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். பாரசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். ஒரு பெரிய ஆளுக்கான அளவு அது! மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். டாக்டரிடம் கேட்டு, இவனுக்கு இத்தனை மில்லி, இத்தனை மணிக்கு ஒரு முறை என்று பாட்டில் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு ஜுரம் வந்தால் வீட்டு வைத்தியம் கூடாது. எப்பாடு பட்டாவது டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பால்

வெள்ள நேரத்தில் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. கொதிக்க வைக்க வேண்டாம், பாட்டில் கழுவ வேண்டாம். "பயந்தா பால் வத்திப் போயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயத்தில் பால் இறங்குவது கொஞ்சம் தாமதமாகலாம், வற்றிப் போகாது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சுரக்கும். தாய்க்கு ஒரு மூலையில் மறைவாக இடமும், வயிற்றுக்குச் சாப்பாடும், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தால் போதும்.

நிவாரணத்தில் பால் பவுடர் டப்பா வருகிறதே என்று தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். கெட்ட தண்ணீரில் கரைத்த பவுடர்தான் பேதிக்கு வாசல். வேறு வழியில்லாமல் பவுடர் பால் கொடுக்கிற குழந்தைக்குப் பாட்டில் வேண்டாம். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடைதான் நல்லது. இண்டு இடுக்கு இல்லாததால் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம்.

பேதி வந்தால்

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காக நம்ப வேண்டாம். குமிழி விட்டுக் கொதிக்க ஆரம்பித்த பிறகு முழுசாக ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆற்றுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சடித்திருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழு லிட்டரிலும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலக்குகிற வேலை ஆகாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை பேதி ஆனதும் இரண்டு வயதுக்குள் இருந்தால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் சேர்த்துக் கரையுங்கள். உப்பு கூடவே கூடாது. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம்.

கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராமை, நாக்கு வறட்சி, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமை, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம் - இவற்றில் எதைப் பார்த்தாலும் படகோ தோளோ, டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

தினசரி மருந்துக் குழந்தைகள்

இழுப்பு உள்ள குழந்தைக்குப் பலரும் நெபுலைசரை நம்பியிருக்கிறோம். கரண்ட் போனால் அது வெறும் டப்பா. ஸ்பேசர் வைத்துப் பம்ப் அடிப்பதை டாக்டரிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே வலிப்பை வரவழைக்கும். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் அது பெரிய அபாயம். அந்த நேரத்தில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே மருந்து இருக்கிறது. உங்கள் குழந்தைக்குத் தேவையா, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை இருந்தால் ஃபிரிட்ஜ் நின்றதும் பதற வேண்டாம். ஒரு பெரிய மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்ன மண் சட்டி வைத்து, மருந்தை ஈரம் படாமல் கவரில் சுற்றி உள்ளே வைத்து மூடுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஐஸ் கட்டி மேல் நேராக வைக்கக்கூடாது, உறைந்துபோன இன்சுலின் உதவாது. கையோடு சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு

தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகளைச் சேற்றில் விளையாட விடாதீர்கள். கீழ்வீட்டு மெயின் சுவிட்சை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போட வேண்டாம். காலில் ஆணி, கண்ணாடி கிழித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி பாக்கி இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். மெழுகுவர்த்தி சுட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. குழந்தையை நடக்க விடாமல், கடிபட்ட இடம் அசையாமல் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வெள்ளத்தில் நடந்த குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் ஜுரம் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டெங்குவும் இந்தச் சமயத்தில்தான் வரும். ஆகவே டாக்டர் சொல்லாமல் பாரசிட்டமால் தவிர வேறு ஜுர மாத்திரை, வலி மாத்திரை கொடுக்க வேண்டாம்.

தடுப்பூசியும் முக்கியம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து முகாம்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அப்படியும் கடலூர் மாவட்டத்தில் சில இடங்களில் தட்டம்மை பரவத்தான் செய்தது. ஜனங்கள் நெருக்கமாகத் தங்குகிற இடத்தில் அது காட்டுத்தீ மாதிரி. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று இரண்டு ஊசியும் போட்டாச்சா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

உடம்பு தேறினாலும் மனசு தேற நாளாகும். மழைச் சத்தம் கேட்டால் கட்டிக்கொள்வது, படுக்கையை நனைப்பது எல்லாம் பயத்தால் வருவது. அடிக்காதீர்கள், கேலி பண்ணாதீர்கள். பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கதை சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தெருவுக்கு ஒரு கணக்கு

இது ஒரு வீட்டு வேலை மட்டும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு இழுப்பு, எந்த வீட்டில் நர்ஸ், யார் வீட்டு மொட்டை மாடி உயரம் என்று அதில் எழுதியிருக்கிறோம். படகு வரும்போது யார் முதலில் ஏற வேண்டும் என்று அப்போது விவாதம் பண்ண நேரம் இருக்காது. எட்டு மாதக் கர்ப்பிணியும் தினசரி மருந்துக் குழந்தையும் எச்சரிக்கை வந்த அன்றைக்கே மேட்டுப் பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

அதே நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நம்பர்கள் இருக்கின்றன: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மாநிலப் பேரிடர் உதவி 1070, மாவட்டத்துக்கு 1077, குழந்தைகளுக்கான உதவி 1098. போனை நம்பாமல் காகிதத்திலும் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எப்போது இதையெல்லாம் செய்வது என்கிறீர்களா? சரஸ்வதி பூஜைக்கு வீடு ஒழிக்கிறோம் அல்லவா, அன்றைக்கே இந்தப் பையையும் நிரப்பி, வீட்டிலேயே உயரமான ஆணியில் மாட்டிவிடுங்கள். பாட்டிக்கும் தாத்தாவுக்கும், வீட்டுக்கு வந்து போகிற நாத்தனாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். போகிக்குப் பையை இறக்கி, தேதி முடிந்த மருந்தை எடுத்துவிட்டு, குழந்தை வளர்ந்திருக்கிற அளவுக்குச் சட்டையையும் சீட்டில் இருக்கும் எடையையும் மாற்றுங்கள். அதை ஒரு தடவை கூடத் திறக்காமலே போகி வந்துவிட்டால், அந்த வருஷம் நல்ல வருஷம்!